ஒற்றைப் பூட்டு வீட்டின் சாவிக்கொத்து

"கண்ணை மூடிக்குங்கம்மா, நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். சொட்டு மருந்து எரிந்துகொண்டே உள்ளே இறங்குகிறது, மிச்சம் கன்னத்தில் வழிகிறது, நான் அழுகிறேன் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும், இந்தக் கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை கிழடுகளும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கன்னம் நனைந்து இருக்கின்றன, ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா. அவருக்கும் மருந்து விட்டாயிற்று. கண்ணை மூடியதும் காது பெரிதாகிவிடுகிறது போலிருக்கிறது, டோக்கன் கூப்பிடும் குரல், யாரோ ஒரு பெரியவரின் தீராத இருமல், காபி எந்திரம் உறுமுவது, எல்லாவற்றுக்கும் கீழே அந்தச் சத்தம், கிலுங் கிலுங் என்று சாவிக்கொத்துச் சத்தம். சம்பந்தியம்மா கையில் எப்போதும் இருக்கும் கொத்து. முசிறியில் அவர் இருக்கும் வீட்டுக்கு ஒரே கதவு, ஒரே பூட்டு. கொத்தில் கனமான இரும்புச் சாவிகள் கைகொள்ளாமல் தொங்கும். "உங்கம்மா என்ன, கோயில் கருவூலத்தையா காவல் காக்கறாங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் மருமகளைக் கிண்டல் செய்வார், தேன்மொழி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது அந்தக் கொத்து நிற்காமல் குலுங்குகிறது, காலையில் மாத்திரை போட்டாரா இல்லையா என்பதுதான் என் கவலையெல்லாம்.

போட்டிருக்க மாட்டார். எப்படிப் போட்டிருப்பார், நான்தான் கெடுத்துவிட்டேனே. சம்பந்தியம்மா எங்கள் வீட்டில் தங்கும் நாளெல்லாம் காலைப் பலகாரம் முடிந்ததும் நான் எங்கேயாவது போய்விடுவேன், அது என் ஏற்பாடு, யாரிடமும் சொன்னதில்லை. காயாத துணி காய்ந்துவிட்டதா என்று மாடிக்குப் போவேன். கறிவேப்பிலை கூடை நிறைய இருக்கும்போதே கறிவேப்பிலை வாங்கப் போவேன். போகிற போக்கில் "என்னங்க, இந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அவரையும் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவேன், நல்ல குழாயைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு அகிலாண்டம்" என்பார், ஆமாம் என்று ஒத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் சம்பந்தியம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொள்வார், நான் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். இன்றைக்குப் பார்த்து, பூ வாங்கிட்டு வந்துடறேன் என்று கிளம்பினேன், "இருங்க சம்பந்தியம்மா, நானும் வர்றேன், உங்களை எத்தனை தடவை தனியா அலைய விடறது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் தெருமுனை வரை போய் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் ஆட்டோ நிற்கிறது, தேன்மொழி "நேரமாச்சு, நேரமாச்சு" என்று பறக்கிறாள், அந்த அவசரத்தில் தண்ணீர் பாட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே நின்றுவிட்டது. அதைப் பாதி வழியில்தான் கவனித்தேன். அவருடைய பர்ஸில் மாத்திரை இருக்கும், எப்போதும் இருக்கும், ஆனால் என் எதிரில் எடுக்க மாட்டார். என்னிடம் தண்ணீர் கேட்கக்கூட மாட்டார், எதற்கு என்று நான் கேட்டுவிடுவேனோ என்று. சொட்டு மருந்து விட்டால் தலை வலிக்குமாமே, வெளிச்சம் குத்துமாமே, அதெல்லாம் இந்த நோய்க்கு ஆகுமா, டாக்டரிடம் இதைச் சொல்லியிருப்பாரா. எங்கே சொல்லியிருக்கப் போகிறார், பக்கத்தில் நான் அல்லவா உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதாவது உடம்புக்கு உண்டா என்று அந்த டாக்டர் பையன் கேட்டதற்கு "ஒண்ணும் இல்லைங்க, கடவுள் புண்ணியத்துல" என்றார். கொத்து அப்போதும் குலுங்கியது.

"அத்தை, கீழே போய் ஸ்கேனுக்குச் சொல்லிட்டு வந்துடறேன். அம்மாவைப் பார்த்துக்குங்க" என்று தேன்மொழியின் குரல் என் தலைக்கு மேலே கேட்கிறது, கை என் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கையில் ஒரு சோர்வு. நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்குச் சமையலறையில் தாயும் மகளும் குசுகுசுத்தது அவ்வளவும் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, கீரை அங்கேதான் இருந்தது. தேன்மொழி கம்பெனியில் இந்த வருஷம் இன்சூரன்ஸை மாற்றியிருக்கிறார்கள். இத்தனை நாளும் பெற்றவர்கள் அல்லது மாமனார் மாமியார், இரண்டில் ஒரு பக்கத்தைத்தான் சேர்க்க முடியும் என்றிருந்தது. கல்யாணமான கையோடு அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டாள், யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை, அது அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது அதில்தான். தனியறை, காலையில் இட்லி, மாலையில் சூப் என்று மாப்பிள்ளை மாதிரி படுத்துக்கிடந்தார். போன மழைக்காலத்தில் சம்பந்தியம்மா வாசல் படியில் விழுந்து மண்டை பிளந்து கிடந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பொது வார்டில் போட்டார்கள், தேன்மொழி போய்ச் சேரும் வரைக்கும் வராந்தாவில் பாயில்தான் கிடந்தார். கால் தடுக்கி விழுந்தேன் என்றார் எல்லோரிடமும். தையல் போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே "பாசி வழுக்கியிருக்கும்" என்று நானும் சொன்னேன். இப்போதுதான் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், பழைய நோய் இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பார்ப்பார்களாம், முன்கூட்டியே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதுமாம். இன்று சாயங்காலத்தோடு பெயர் சேர்ப்பதை மூடிவிடுவார்கள், அப்புறம் அடுத்த வருஷம்தான். இதைவிட நல்ல சேதி ஒரு வீட்டுக்கு வருமா? "என் பேரே வேண்டாம்" என்கிறார் சம்பந்தியம்மா. "மூணு பேர் விவரமும் ஒண்ணாத்தானே வரும்? மாப்பிள்ளை பார்ப்பாரு, சம்பந்தியம்மா பார்ப்பாங்க. மறைச்சுப் பொண்ணு குடுத்துட்டோம்னு ஆயிடும்டி. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நீதான அந்த வீட்டுல தலைகுனிஞ்சு நிக்கணும்." "அப்படியெல்லாம் யாரும் நினைக்க மாட்டாங்கம்மா." "உனக்குத் தெரியாது." "ஒண்ணும் இல்லைன்னு பொய் எழுதினா நாளைக்கு ஏதாவதுன்னா தர மாட்டாங்கம்மா, தெரிஞ்சுக்க." "அப்ப எழுதாத. இத்தனை நாள் இல்லாமத்தான இருந்தேன்." அதற்கப்புறம் தேன்மொழி மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. என் கையிலிருந்த கீரையெல்லாம் காம்போடு சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

உனக்குத் தெரியாது என்றாரே, அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தையக்கா. என் பெரியக்கா தையல்நாயகி, பச்சைத் தாவணியும் பாவாடையும், சிரித்தால் மேல் ஈறு தெரியும், எனக்குத் தலை பின்னிவிடும்போது பேன் பார்ப்பது போல நெற்றியோடு நெற்றி முட்டுவாள். அவளிடமும் ஒரு சாவிக்கொத்து. வலிப்பு வரும்போது இரும்பைக் கையில் கொடுத்தால் அடங்கும் என்று யாரோ சொல்லி, அம்மா நெல் பத்தாயத்துச் சாவிகளைக் கயிற்றில் கோத்து அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். இரும்பாவது அடக்குவதாவது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கூட்டிக்கொண்டு போகவே இல்லை, கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்கள், சொல்லாமல் கட்டிக்கொடுத்தார்கள், ஆடி பிறக்கும் முன்னே ட்ரங்குப் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். மறைச்சுட்டாங்க, மறைச்சுட்டாங்க என்று அந்த வீட்டு அம்மாள் தெருவே கேட்கக் கத்தியது. அக்கா வாசலில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு நாள் வாய்க்காலில் துணி துவைக்கப் போனவள். முழங்கால் தண்ணீர். முழங்கால் தண்ணீரில் ஒரு மனுஷி, வேண்டாம், இங்கே இதை நினைக்க வேண்டாம், கண் ஏற்கெனவே எரிகிறது. என் பிள்ளை செழியனுக்குப் பெண் பார்க்கப் போனபோது "உங்க குடும்பத்துல யாருக்காவது..." என்று அவர்கள் இழுத்ததற்கு "எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் கிடையாது" என்று எங்கள் வீட்டுக்காரர் பட்டென்று சொன்னார். "எங்க வீட்டுலயும் தாங்க" என்றார் பெரியநாயகி அம்மாள், இந்தச் சம்பந்தியம்மாதான். இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு கேசரி சாப்பிட்டோம். கல்யாணம் பேசுகிற இடத்தில் எல்லோருமே ஆரோக்கியசாலிகள், இந்த ஊரில் ஆஸ்பத்திரிகளெல்லாம் யாரை வைத்துத்தான் நடக்கின்றனவோ.

"இன்னொரு சொட்டு விடறேன், முகத்தைத் தூக்குங்க." குளிர்ந்த விரல் இமையைப் பிரிக்கிறது, மஞ்சளாக ஒரு வெளிச்சம், வெள்ளையாக ஒரு நிழல், மறுபடி இருட்டு. "பாட்டிம்மா, நீங்க ஏன் கையை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? வலிக்காது, லூசா விடுங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்கிறாள். "பழக்கம் கண்ணு" என்கிறார் அவர். குரல் கொஞ்சம் குழறுகிறதா? இல்லை, எனக்குத்தான் பயம். செழியன் கல்யாணத்தன்று மண்டபத்தில் கேட்டது குழறல்கூட இல்லை, தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். கூறைப்புடவைத் தட்டை எடுக்க நான்தான் போனேன், சீர் வைத்திருந்த அறைக் கதவைத் தள்ளினால் பெண்ணின் அம்மா தரையில் கிடக்கிறார், பட்டுப்புடவை கலைந்து, கால் இழுத்து இழுத்து, அவருடைய நாத்தனார், அவர் கையில் சாவியைத் திணித்துக்கொண்டு "முருகா முருகா" என்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தையக்கா கிடந்த மாதிரியே, அதே கோணத்தில் கழுத்து. ஒரு நொடி நான் கல்யாணத்தையெல்லாம் மறந்துவிட்டேன். கதவை மெல்ல இழுத்துச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றேன். போட்டோக்காரன் வந்தான், அவன் பின்னால் எங்கள் சித்தி வந்தாள், அய்யர் தட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார். "உள்ள புடவை மாத்துறாங்க, யாரும் போகாதீங்க" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். பிள்ளையின் அம்மா கதவைக் காத்துக்கொண்டு நிற்கிறாளே என்று சித்திக்கு ஆச்சரியம். நின்றுகொண்டே அழுதேன், பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அம்மாக்காரி அழத்தானே செய்வாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிற்பாடு அவர் முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒன்றுமே நடக்காதது போல மணவறைக்கு வந்தார். நாக்கைக் கடித்திருக்க வேண்டும், யாரிடமும் பேசவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அவருடைய ஒரு கையில் அட்சதை இருந்தது, இன்னொரு கையில் கொத்து.

கேட்டுவிடலாம். மாத்திரை போட்டீங்களா சம்பந்தியம்மா? அவ்வளவுதான் கேள்வி. என்ன மாத்திரை என்பார். அப்புறம்? உங்க வலிப்பு மாத்திரை என்று சொல்ல முடியுமா, அந்த வார்த்தையைச் சொன்ன வாய் அக்காவைத் திருப்பி அனுப்பிய அந்த வீட்டு அம்மாளின் வாய் மாதிரி ஆகிவிடாதா? எனக்கு எல்லாம் தெரியும், எழுதுங்க என்று பெருந்தன்மையாகச் சொன்னால் அதைவிட மோசம். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தாளா, நான் படியில் விழுந்தபோதும் தெரியுமா, தினமும் மாடிக்குப் போனது இதற்குத்தானா என்று அவர் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்க் கூசிப்போவார். ஒருவர் மறைப்பதை நாம் பார்த்துவிட்டோம் என்று சொல்வது அவர் குளிக்கும்போது கதவைத் திறப்பது மாதிரிதான். பேசாமல் தேன்மொழியைத் தனியாகக் கூப்பிட்டு எழுதிவிடு என்று சொல்லிவிடலாம். எழுதிவிடுவாள். ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதினால் அது ஒரு நாள் தெரியும், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் புகுந்ததாக ஆகும். சரி, பேசாமல் இருந்தால்? பேசாமல் இருந்தால் முசிறியில் ஒற்றைப் பூட்டு வீடு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஒரு மனுஷி, அடுப்படியில் விழுந்தால் யாருக்குத் தெரியும், தெரிந்தாலும் எந்த ஆஸ்பத்திரி, எந்த வராந்தா. எட்டு வருஷமாகப் பேசாமல் இருந்ததை நான் பெரிய அன்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பயந்துகொண்டு இருக்கிறார். என்னைப் பார்த்து. எனக்கு இது தாங்கவில்லை. கிலுங், கிலுங், கிலுங். திடீரென்று நிற்கிறது. ஐயோ, ஏன் நின்றது. கையை நீட்டித் தடவினேன், புடவை, நாற்காலிக் கை, அப்புறம் அவருடைய மணிக்கட்டு, சூடாக இருந்தது, நாடி ஓடியது. "என்ன சம்பந்தியம்மா?" என்றார் தெளிவாக. கையை எடுக்க வேண்டியதுதான். எடுக்கவில்லை.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா, சம்பந்தியம்மா" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இத்தனை நேரமும் ஒத்திகை பார்த்த எதிலும் இது இல்லை. "உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. செழியனுக்கே தெரியாது. தையல்நாயகின்னு பேரு." "சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு வலிப்பு. அம்மா கையில சாவி கொடுப்பாங்க. டாக்டர்கிட்ட மட்டும் காட்டலை. கட்டிக்கொடுத்த வீட்டுல திருப்பி அனுப்பிட்டாங்க. வாய்க்காலுக்குப் போனா, திரும்பி வரலை." இருமல்காரப் பெரியவரை யாரோ உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது. "ஆழமா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா. "முழங்கால் தண்ணி." என் கைக்குக் கீழே அந்த மணிக்கட்டு ஒரு தடவை துள்ளியது. "ஒரு மாத்திரைங்க. தினம் ஒரு மாத்திரை யாராவது கொடுத்திருந்தா இப்ப எம் பக்கத்துல உக்காந்து கண்ணுக்கு மருந்து விட்டுட்டு இருப்பா. அவமேல எனக்குக் கோபமே வந்ததில்லை. மறைச்சாங்கன்னு சொன்னவங்க மேலயும் மறைக்க வெச்சவங்க மேலயும்தான்." அதற்கு மேல் என்னால் முடியவில்லை, மருந்துதான் வழிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மருந்து இல்லை. சம்பந்தியம்மா பேசியபோது குரல் என் பக்கம் திரும்பியிருந்தது. "கல்யாணத்தன்னிக்கு ஒரு குரல் கேட்டுச்சு எனக்கு. அந்த நேரத்துல எல்லாம் எங்கயோ தூரத்துலதான் கேக்கும். புடவை மாத்துறாங்க, யாரும் போகாதீங்கன்னு. எங்க நாத்தனார்னே இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்." மூச்சை இழுத்து விட்டார். "அவ எங்கூட உள்ளதான இருந்தா." நான் "ம்" என்றேன். அவருடைய இன்னொரு கை வந்து என் கையின் மேல் படிந்தது, கொத்தோடு. இரும்பு வியர்வையில் ஈரமாக இருந்தது.

செருப்புச் சத்தத்திலேயே தேன்மொழி என்று தெரிந்துவிட்டது. "ஸ்கேனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம், அம்மா" என்றவள் சட்டென்று நின்றாள், நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாள். "என்னாச்சு? அத்தை? அம்மாவுக்கு..." "ஒண்ணும் ஆகலை. இப்படி உக்காரு" என்றார் அவள் அம்மா. "அந்த இன்சூரன்சுல என் பேரை எழுதிடு." "அம்மா, நான்தான் சொன்னேனே, ஒண்ணுமில்லைன்னு என்னால..." "உள்ளதைச் சொல்றேன், எழுதிக்க. பதிமூணு வயசுலேர்ந்து வலிப்பு. திருச்சியிலதான் காட்டறேன், மாத்திரை சாப்பிடறேன். போன மழைக்குப் படியில விழுந்தது வழுக்கி இல்லை, அதையும் எழுதிக்க." "மெதுவாம்மா" என்றாள் தேன்மொழி, குரல் உடைந்திருந்தது, "எல்லாருக்கும் கேக்குது." "கேட்டாக் கேக்கட்டும். கேக்க வேண்டியவங்களுக்கு முன்னாடியே கேட்டுருச்சு." என் மருமகள் என் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், தலை என் முழங்காலில் பட்டது. தடவிப் பார்த்து அந்தத் தலையில் கையை வைத்தேன். பைத்தியக்காரப் பெண், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எப்படிச் சொல்வாள், நானே சொல்லவில்லையே.

"சம்பந்தியம்மா" என்றார் அவர். "உங்க பையில தண்ணி இருக்கா? என் பாட்டிலை மேஜை மேலயே விட்டுட்டு வந்துட்டேன். காலையில மாத்திரை போடலை." கண்ணைத் திறந்திருக்கலாம், நர்ஸ் பெண் தூரத்தில்தான் இருந்தாள். திறக்காமலேயே பையைத் துழாவினேன், பூப் பொட்டலம், கர்ச்சீப், கண்ணாடிக் கூடு, கடைசியில் பாட்டில். மூடியைத் திருகி நீட்டினேன், கை கையைத் தேடி வந்து வாங்கிக்கொண்டது. சாவிக்கொத்தை என் மடியில் வைத்தார். பர்ஸ் திறந்தது, மாத்திரை அட்டை சரசரத்தது, பொத்தென்று ஒன்றை அழுத்தி எடுக்கிற சத்தம், இரண்டு மடக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம். எட்டு வருஷமாக இந்த நேரத்தில் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன். இன்றைக்கு எங்கேயும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.